பருகுவன முதல் தின்பன வரை: இரைப்பைச் சத்திரசிகிச்சையின் பின் உணவொழுங்கு

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்ட ஆசிரியர்கள் அடிசில் என்னும் சொல்லை ஆராயுமிடத்து ஒரு நுட்பம் கூறுவர். அடிசில் என்பது உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்னும் நால்வகை உணவுக்கும் பொதுப்பெயர். ஆதலின், அதனை ‘உண்டார்’ என்றோ ‘பருகினார்’ என்றோ ஒன்றற்கே உரிய வினையால் முடித்தல் வழுவாம். ‘அயின்றார்’, ‘மிசைந்தார்’ எனப் பொதுவினையால் முடித்தலே மரபாம். வேறுவினைப் பொதுச்சொல்லுக்கு உதாரணமாக இதனை வகுப்பிற் கூறி, மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வதோடு நாம் அமைந்துவிடுகின்றோம். ஆயினும், இந்நாற்பகுப்பு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. நோயினின்று மீளும் உடம்புக்கு உணவூட்டும் ஒழுங்கும் இதனுள் அடங்கியிருக்கின்றது. அவ்வொழுங்கு உயிர்காக்கும் ஒழுங்காகவே அமைவது, உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டார் திறத்தில் ஆகும்.

இம்மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். எம் பழைய மாணவர் இன்று தாய்நாட்டிலும் பிறநாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். நீரிழிவும் உடற்பருமனும் எம்மவரிடையே மிகுந்து வருதலை யாவரும் அறிவர். இச்சிகிச்சையைச் செய்துகொண்டாரும், செய்துகொள்ள எண்ணுவாரும், அவர்க்குச் சமைத்துக் கொடுப்பாரும் இதனைப் படிப்போருள் இருத்தல் கூடும். வைத்தியசாலையிற் கொடுக்கப்படும் அறிவுறுத்தற்றாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தது. அதிற் கூறப்படும் உணவுகளும் பிறர் அடுக்களைக்கு உரியன. எம் வீட்டு அடுப்பில் இருப்பனவோ கஞ்சியும் சொதியும் பிட்டும் பருப்பும். இவ்விடைவெளியை நிரப்புதலே எம் நோக்கம். நாம் வைத்தியரல்லேம், கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர். ஆதலின், இங்குக் கூறுவனவற்றுள் யாதேனும் சிகிச்சை செய்த வைத்தியரின் அறிவுறுத்தலோடு மாறுபடுமாயின், வைத்தியர் சொல்லே கொள்ளத்தக்கது.

சிகிச்சையின் இயல்பு

1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரவைத்தியர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைத் தொடக்கினார். அதன் வழிவந்த இணைப்புமுறை இன்றும் கையாளப்படுகின்றது. அதில் உணவு தங்குதற்கு எஞ்சும் பை ஏறக்குறைய 30 மில்லிலீற்றரே கொள்ளும். இன்று மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், இரைப்பையின் நூற்றுக்கு 75 முதல் 80 வரையான பகுதி வெட்டி நீக்கப்பட, எஞ்சியது வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாகின்றது. ஒரு லீற்றரும் அதற்கு மேலும் விரிந்துகொடுத்த பை, ஒரு நாளிலே சிறு கிண்ணமாகி விடுகின்றது.

இச்சிகிச்சை அழகு வேண்டிச் செய்யப்படுவதன்று. 1991 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட வரையறை, உடற்றிணிவுச் சுட்டி 40 உடையார்க்கும், கடுமையான துணைநோய்களோடு 35 உடையார்க்கும் இதனை உரித்தாக்கிற்று. 2022 இல் அவ்வரையறை தளர்த்தப்பட்டபொழுது, ஆசிய மக்கள் குறைந்த பருமனிலேயே நீரிழிவு முதலிய நோய்களுக்கு ஆளாதல் கருதி, அவர்க்கு 27.5 என்னும் அளவிலேயே இச்சிகிச்சையை எண்ணலாம் எனக் கூறப்பட்டது. ஆகவே, இது எம்மவர்க்குத் தொலைவான செய்தியன்று.

ஏன் படிப்படியாக?

ஆசிரிய கலாசாலையில் எமக்கு முதலிற் புகட்டப்பட்ட விதிகளுள் ஒன்று, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது. எழுத்தறியாத பிள்ளைக்குச் செய்யுளைக் கொடுப்பின் அது கல்வியை வெறுக்கும். வெட்டித் தைக்கப்பட்ட இரைப்பைக்கு விதி மீறி உணவு கொடுப்பின் விளைவு வெறுப்போடு நில்லாது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, தைத்த இடம் ஆறிப் பலம் பெறுதற்குக் கிழமைகள் செல்லும். அதற்குள் திரண்ட உணவு அழுத்துமாயின், தையல் விட்டு இரைப்பையிலுள்ளது வயிற்றறையுட் கசியலாம். அக்கசிவு உயிருக்கு இடர் விளைப்பது. இரண்டாவது, வெட்டுண்ட இடம் வீங்கியிருத்தலால் வழி மேலும் ஒடுங்கியிருக்கும். நீர்ப்பொருள் செல்லும் வழியிற் கட்டிப்பொருள் செல்லாது.

ஆகவே வைத்தியர்கள் உணவை நான்கு படியாக வகுத்தனர். அப்படிகள் முறையே பருகுவன, நக்குவன, உண்பன, தின்பன என்னும் எம் உரையாசிரியர் பகுப்போடு பொருந்துதல் கண்டு நாம் வியந்தோம். கீழே கூறும் காலவளவு பொதுவாக வழங்குவது. வைத்தியசாலைதோறும் சிறிது வேறுபடும்.

பருகுவன: முதலிரு கிழமை

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர்ப்பொருளே கொடுக்கப்படும். நீர், வடித்த மரக்கறி இரசம், சீனி சேராத வெறுந்தேநீர் என்பன அவை. இரசம் என்றவுடன் மிளகும் புளியும் மிக்க எம் வீட்டு இரசத்தை எண்ணலாகாது. உறைப்பும் புளிப்பும் இன்றி வடித்தெடுத்த சாற்றையே குறித்தோம். பின்னர்ப் பால், மோர், புரதமா கரைத்த பால், வடிகட்டிய மெல்லிய பருப்புநீர் என்பன சேரும்.

இப்பருவத்திற் கற்கவேண்டியது ஒன்றே: மிடறு மிடறாகப் பருகுதல். செம்பை அண்ணாந்து வாயில் ஊற்றுதல் எம்மவர் பழக்கம். அது இங்கு ஆகாது. நீரோடு காற்றும் உட்சென்று நோவு தரும். சிறு கிண்ணத்தில் 30 மில்லிலீற்றர் அளவு எடுத்துக் கால்மணி நேரத்திற் சிறிது சிறிதாகப் பருகுக. இவ்வாறு நாள் முழுதும் பருகினாலன்றி ஒன்றரை லீற்றர் என்னும் நாளளவு நிரம்பாது. உடம்பில் நீர் வற்றுதல், முதற் கிழமைகளில் மீண்டும் வைத்தியசாலை சேர நேர்தற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று. சிறுநீர் குறைந்து கடுநிறமாதலும், எழுந்தவுடன் தலைசுற்றலும் அதன் குறிகள். சோடா முதலிய வாயுவேறிய பானங்கள் விலக்கப்பட்டன.

நக்குவன: மூன்றாம், நான்காம் கிழமை

தேனை நக்குதல் என்பது தமிழ்வழக்கு. விரலில் எடுத்தால் வழியாது நிற்கும் குழைவே இப்படிக்கு அளவை. கட்டியின்றி மசித்த பயறு, நன்கு கடைந்த பருப்பு, தயிர், மசித்த பூசணி, முள் நீக்கி அரைத்த மீன், குழைவாகக் கிண்டிய முட்டை என்பன இதற்கு உரியன. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியே அமையும். அதனைத் தேக்கரண்டியால் எடுத்து, இருபது நிமிடமாவது செலவிட்டு உட்கொள்ளுக.

உணவையும் நீரையும் பிரித்தல் இங்கே தொடங்குகின்றது. சோற்றுக்கு இடையிடையே நீர் குடித்தல் எமக்குக் கைவந்த வழக்கம். இனி உணவோடு நீர் பருகலாகாது. உண்டபின்னும் அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். சிறிய பையிலே நீரும் உணவும் ஒருங்கு சேரின், ஒன்று நோவும் வாந்தியும் உண்டாகும். அன்றேல் உணவு விரைந்து குடலுக்குள் அடித்துச் செல்லப்படும்.

உண்பன: ஐந்தாம், ஆறாம் கிழமை

கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் மென்மையே இப்படிக்கு அளவை. வேகவைத்த மீன், அவித்த முட்டை, நன்கு அவிந்த பயறு, தோலும் விதையும் நீக்கிய மரக்கறி, கனிந்த பப்பாசி, வாழைப்பழம் என்பன சேரலாம். சொதி வேண்டுவார் முதற்பாலை நீக்கி, உறைப்புக் குறைத்து வைக்குக. தேங்காய்ப்பாலின் கொழுப்பை எல்லார் வயிறும் அக்காலத்தில் ஏற்காது.

புதிய உணவைச் சேர்த்தற்கு ஒரு முறை உண்டு. ஒரு வேளைக்குப் புதியது ஒன்றே. இரண்டு புதியன சேரின், வருத்தியது எது என்று அறியமுடியாது. முதலில் ஒரு தேக்கரண்டியளவு எடுத்து, சிறிது நேரம் பொறுத்துப் பார்த்து, பின்னரே தொடர்க. வீட்டிலே, ஓய்வான பகற்போதிற் சோதிப்பது நன்று. கலியாண வீட்டிலோ பிரயாணத்திலோ சோதித்தல் தகாது. ஒத்துக்கொள்ளாத உணவை ஒரேயடியாக விலக்கிவிடல் வேண்டா. சில கிழமை கழித்து மறுபடியும் பார்க்கலாம். இன்ன நாளில் இன்னது, இவ்வளவு, விளைவு இன்னது என ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வருவார்க்கு அக்கொப்பியே நல்லாசிரியனாகும்.

தின்பன: ஏழாம், எட்டாம் கிழமை முதல்

உண்ணல் வேறு, தின்னல் வேறு. மென்றே விழுங்கவேண்டிய கட்டிப்பொருளைத் தின்பன என்றனர் எம் முன்னோர். மெல்லுதலே இப்படியின் பாடம். ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மென்று கூழாக்கியபின் விழுங்குக. குறைந்த பல் உடையார் மீண்டும் மசித்த உணவையே நாடுதல் நன்று.

எம் உணவுகளுட் சில இப்படியிலும் கடைசியாகவே வருதற்குரியன. பாண் வாயில் ஊறி மாவுருண்டையாகி அடைக்கும். பிட்டு உலர்ந்திருத்தலால் தடைப்படும். சோறு திரண்டு நிற்கும். ஆதலின் குழைவாகவும் மிகச் சிறிதாகவும் தொடங்குக. பனங்கிழங்கு, அன்னாசி, முருங்கைக்காய் என்பவற்றின் தும்பு, மென்றாலும் முழுதும் கரையாது. ஒடுங்கிய வழியிலே திரண்டு அடைப்பாதலும் கூடும். தோடம்பழத்தைச் சுளைத்தோல் நீக்கியே கொள்ளல் வேண்டும்.

மற்றொரு பொறியும் உண்டு. முறுக்கு, பிஸ்கற்று, ஐஸ்கிறீம் என்பன எளிதிற் கரைந்து வழுக்கிச் செல்வன. மீனும் பயறும் வயிற்றை நிறைத்து நிறுத்த, இவை தடையின்றி இறங்கும். ஒத்துக்கொள்கின்றது என்பதாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது. குறைந்த எடை சில ஆண்டுகளிலே மீண்டும் ஏறுதற்கு இவ்வழியே பலர்க்கு வாயிலாகின்றது.

புரதக் கணக்கு

இச்சிகிச்சை பெற்றவர்க்கு நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பது பொதுவிதி. இனி மாணவர் ஒரு கணக்குச் செய்து பார்க்க. 100 கிராம் சோற்றிலுள்ள புரதம் 3 கிராமுக்கும் குறைவு. மூன்று வேளையும் அவ்வளவு சோறே உண்பவர் பெறுவது 9 கிராமும் அன்று. முன்னர்ச் சோற்றின் மிகுதியால் நிரம்பிய குறை இனி நிரம்பாது. ஒரு முட்டையிற் புரதம் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். ஆகவே, கோப்பையில் முதலில் உண்ணத்தக்கது புரதம், அடுத்தது மரக்கறி, சோறு இறுதியில். சோற்றைத் தலைமையாகவும் கறியைத் துணையாகவும் கொண்ட எம் மரபை இது தலைகீழாக்குகின்றது. புரதம் குறையின், உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கும், முடி உதிரும், புண் ஆறுதல் தாழ்க்கும்.

முட்டையும் கொள்ளாத சைவ உணவினர் யாது செய்வது? பாலும் தயிருமாக அரை லீற்றரில் 16 கிராம் அளவு. நாள் முழுதும் பகிர்ந்துண்ட 200 கிராம் அவித்த பருப்பில் 17 கிராம் அளவு. உலர்ந்த நிலையில் 30 கிராம் எடையுள்ள சோயாவில் 15 கிராம் அளவு. கொழுப்பு நீக்கிய பால்மா 30 கிராமில் 10 கிராம் அளவு. கூட்டினால் 60 ஐ அணுகும். இயலாததன்று, ஆனால் திட்டமின்றி நிறைவேறாதது. முதற்படிகளில் இவ்வளவு உட்கொள்ள இயலாமையின், புரதமா துணையாகின்றது.

பசியுணர்ச்சியை நம்பியிருத்தலும் கூடாது. பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் ஓமோனை யப்பானிய அறிஞர் 1999 இல் வெளிப்படுத்தினர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலே சுரப்பது. குழாயாக்கும் முறையில் அப்பகுதி நீக்கப்படுதலால் முதல் மாதங்களிற் பசி தோன்றாமலே இருக்கலாம். பசித்தபின் உண்க என்னும் பழைய அறிவுரை அக்காலத்திற்குப் பொருந்தாது. மணிக்கூட்டைப் பார்த்து உண்ணல் வேண்டும்.

இனிப்பும் மயக்கமும்

இணைப்புமுறைச் சிகிச்சை பெற்றவர் சீனி மிக்க தேத்தண்ணீரையோ பாயசத்தையோ அருந்தினால், அது கட்டுப்பாடின்றிச் சிறுகுடலிற் கொட்டும். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், கழிச்சலும் தலைசுற்றலும் உண்டாகும். சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தின் பின், குருதியிற் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்து நடுக்கமும் சோர்வும் வரும். பனங்கட்டி இயற்கையானது எனக் கருதிக் கடிப்பாரும் உளர். குடலுக்கு அதுவும் சீனியே. நீரிழிவு மருந்து உட்கொள்வார், சிகிச்சையின் பின் அம்மருந்தின் அளவை வைத்தியரைக் கொண்டு மாற்றியமைத்தல் இன்றியமையாதது.

வாந்தியும் தயமினும்

இக்கட்டுரையில் ஒன்றையே நினைவிற் கொள்ளமுடியும் என்பார் இப்பகுதியைக் கொள்க. விரைந்து உண்டமையால் ஒருமுறை வாந்தி வரின், நீர்ப்பொருளுக்கு ஒரு நாள் திரும்பி, பின் முன்னைப் படியிலிருந்து தொடங்கலாம். வாந்தி நாடோறும் தொடருமாயின் அதனைப் பழக்கக் குறைவு எனத் தள்ளுதல் பெரும்பிழை. தயமின் என்னும் விற்றமின் உடம்பிலே இரண்டு மூன்று கிழமைக்குப் போதிய அளவே சேமிப்பில் உள்ளது. உணவும் மாத்திரையும் தங்காதொழியின் அது வற்றிவிடும்.

அதன் குறைவால் வருவதே பெரிபெரி. அப்பெயர் சிங்களச் சொல்லின் வழிவந்தது என்பர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், யாவாத் தீவிலே தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடை தளர்ந்ததையும், தவிட்டோடு கொடுக்கத் தேறியதையும் கிறிஸ்தியான் எய்க்மன் கண்டார். அதற்காக 1929 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். அரிசியுண்ணும் நாடுகளை வருத்திய அந்நோய், இன்று எடை குறைக்கச் சிகிச்சை செய்த செல்வர் வீட்டிலும் தோன்றக் காண்கிறோம். பார்வை இரட்டையாதல், நடை தள்ளாடல், பேச்சும் நினைவும் தடுமாறல் என்பன மூளையைத் தாக்கியதன் குறிகள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அங்கே, இன்ன சிகிச்சை நடந்தது, இத்தனை நாள் வாந்தி என்று முதலிலேயே சொல்லுக. ஏனெனில், தயமின் கொடாது குளுக்கோசு மாத்திரம் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். காலத்தில் தயமின் கொடுக்கப்படின் மீட்சியுண்டு. தாழ்த்தின் நிலையான ஊறு எஞ்சும்.

காய்ச்சல், நிமிடத்துக்கு 120 இற்கு மேற்பட்ட நெஞ்சுத்துடிப்பு, மிகுந்துவரும் வயிற்றுநோவு, இடத்தோள் நோவு, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், நீர்தானும் தங்காமை ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திருத்தலாகாது.

பல்விற்றமின், விற்றமின் பி 12, விற்றமின் டி, இரும்பு, கல்சியம் என்பனவற்றை வைத்தியர் குறித்தவாறு வாழ்நாள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும். இரும்பையும் கல்சியத்தையும் ஒருங்கே விழுங்காது இரண்டு மணி நேரம் இடைவிடுக. இரும்பு மாத்திரையோடு தேத்தண்ணீரும் ஆகாது. நலமாயிருக்கின்றேன் என்று மாத்திரையை நிறுத்துவார், குறைவு வெளிப்படும்பொழுது ஆண்டுகள் கடந்திருக்கக் காண்பர்.

விரதமும் விருந்தும்

கந்தசட்டி முதலிய விரதங்களை இளமை முதல் அனுட்டித்தவர்க்கு அவற்றை விடுதல் மனவருத்தந் தரும். ஆயினும், சிகிச்சையின் பின் முதல் மாதங்களில் நீரும் புரதமுமின்றி ஒரு நாளைக் கழித்தலும் தீங்கே. பிணியாளர்க்கு விலக்குண்டு என்பது எம் பெரியோர் வழக்கு. பின்னர் அனுட்டிக்க விரும்புவோர் வைத்தியரைக் கேட்டு, பாலும் நீரும் கொள்ளும் அளவில் அமைத்துக்கொள்ளலாம்.

விரதத்தினும் இடர் மிக்கது விருந்து. எம்மவர் அன்பை அளக்கும் படி அகப்பை. இலையிற் பாதி இருக்க எழுவாரைக் கண்டால், சமைத்தவர் முகம் வாடும். ‘ஒரு கரண்டி போதும், எனக்காக’ என்ற சொல் எழும். அவ்வொரு கரண்டி, 30 மில்லிலீற்றர்ப் பைக்கு ஒரு முழு வேளை. மறுக்க நாணி விழுங்கியவர், கைகழுவும் இடத்தில் தனியே நின்று வருந்துவதைக் காண்பார் இலர். ‘மெலிந்து போனாய், ஏதும் நோயோ?’ என்று சபையிற் கேட்டலும் அவ்வாறே. ஆகவே, இச்சிகிச்சையின் பின் புதிதாகக் கற்கவேண்டியவர் நோயாளர் ஒருவரே அல்லர். அவருக்குப் பரிமாறுவோரும் கற்கவேண்டியவரே. சத்திரவைத்தியர் இரைப்பையைச் சிறிதாக்கலாம். வீட்டாரின் எதிர்பார்ப்பைச் சிறிதாக்க அவரால் இயலாது.

விருந்தினர் இவ்வளவே உண்பர் என்று அறிந்து, அவ்வளவைச் சிறிய கோப்பையில், மென்மையாக, நேரத்தோடு கொடுத்து, இருபது நிமிடமும் உடனிருந்து உரையாடி உண்பித்தலும் விருந்தோம்பலே. விழாவை முன்னிட்டுப் பல ஊரிலிருந்தும் வந்து ஒரே பந்தியில் அமரும் எம் பழைய மாணவருள், பக்கத்திலிருப்பவர் இரண்டு கவளத்தோடு கையை எடுப்பாராயின், ஏன் என்று வினவாது, இன்னும் வைக்க என்று பணியாது, விட்ட கதையைத் தொடர்வோமாக. அவர் தம் உணவை அளவறிந்து அயின்றார் என்க.